புன்னைக்காயல் அச்சும் இதழ்க் கட்டுரை அடைவுகளும்

இறையியல் மாணவர் எழுதும் ஆய்வேடுகளின் முன்னுரையில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகின்றது. "இப்பொருளைக் குறித்து இதுகாறும் ஆய்வு எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை" என்பதே அது. பணிவான வாக்கியம் போலத் தோன்றினும் அது மிகப் பெரியதோர் உரிமையைக் கோருகின்றது. தமக்கு முன் அந்நிலத்தை உழுதவர் எவருமில்லை என்று மாணவர் சான்று பகருகின்றார். அச்சான்றுக்கு ஆதாரம் யாதெனக் கேட்டால், நூலகத்துக் கணிப்பொறியில் இரண்டு சொற்களை இட்டுத் தேடியதும், விடை ஏதும் வாராமையுமே ஆதாரம் என்று தெரியவருகின்றது. இத்தகைய சான்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம். பொதுப்பட எழுதிச் செல்வதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வூரைப் பற்றிய கட்டுரைகளை அடைவுகள் எவ்வாறு காட்டுகின்றன, எவ்வாறு மறைக்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும். தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயலை அதற்கென எடுத்துக்கொள்கின்றோம்.

அடைவு என்று நாம் சொல்வது எதனை? பருவ இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை ஆசிரியர் பெயராலும் பொருள் தலைப்பாலும் வரிசைப்படுத்திக் காட்டும் கருவியே இதழ்க் கட்டுரை அடைவு. நூலகத்தின் நூற்பட்டி நூல்களைத்தான் காட்டும். ஓர் இதழின் உள்ளே இருபது பக்கத்தில் அமைந்த கட்டுரையை அது காட்டாது. குருமாருக்கு இது புதிய கருவியன்று. நம் மேசைமீது கிடக்கும் ஒத்தவாக்கிய அகராதி இதன் உடன்பிறப்பே. அதனைக் கையாண்டு பழகியவர்க்கு அதன் குணமும் குற்றமும் தெரியும். பழைய மொழிபெயர்ப்பை ஒட்டி ஆக்கப்பட்ட ஒத்தவாக்கிய அகராதியில் "தூய ஆவி" என்று தேடுபவர் ஏமாறுவார். "பரிசுத்த ஆவி" என்று தேடினால் பத்தி பத்தியாக வசனங்கள் கிடைக்கும். 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் "திருத்தூதர்" என்று படித்துப் பழகியவர் "அப்போஸ்தலர்" என்ற சொல்லை அறியாவிடில் அந்த அகராதி அவருக்கு ஊமை. வசனம் வேதத்தில் இல்லை என்று அவர் முடிவு செய்வாரா? செய்யமாட்டார். வேதத்தில் இதனைச் செய்யத் துணியாத மாணவர் வரலாற்று ஆய்வில் மட்டும் எளிதாகச் செய்துவிடுகின்றார்.

இனி, புன்னைக்காயலுக்கு வருவோம். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கேயர் முதலில் நிலைகொண்ட ஊர்களுள் இது தலையாயது. என்றிக்கே என்றிக்கஸ் என்னும் இயேசு சபைக் குரு 1547 முதல் 1600இல் இறக்குமளவும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், இக்கடற்கரையில் ஊழியம் செய்து, இவ்வூரிலேயே கண்மூடினார். தமிழை இலக்கண முறைப்படி கற்று, அதற்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணமும் எழுதிய ஐரோப்பியர் அவர். தமிழ் எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல்கள் அவரால் வந்தவை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. "தமிழின் முதல் அச்சுநூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது" என்னும் கூற்றினை விழா மலர்களிலும் மேடைகளிலும் காண்கின்றோம். இது பொய்யுரைக்கும் எண்ணத்தால் பிறந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபையின் கீழ்த்திசை வரலாற்றை எழுதிய பிரான்சிஸ்கோ தே சோசா, 1578இல் முத்துக்குளித்துறையில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு நூல்கள் அச்சேறின என்று எழுதிவைத்தார். அந்நூல்களை நேரிற் காணாத பின்னோர் அவர் கூற்றையே வழிவழியாகப் படியெடுத்தனர். ஆயின் 'தம்பிரான் வணக்க'த்தின் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தபின் நிலைமை மாறிற்று. கையோர்க் சுர்ஹாமர் என்னும் இயேசு சபை வரலாற்றறிஞரும் காட்ரல் என்பாரும் 1952இல் அந்நூலகத்தின் செய்தியிதழில் எழுதிய கட்டுரை, பதினாறு பக்கமே கொண்ட அச்சிறு நூல் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சானது என்று அந்நூலைக்கொண்டே காட்டிற்று. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் செய்யப்பட்ட எழுத்துகளின் மாதிரி அந்நூலிலேயே உள்ளது. அடுத்த நூலாகிய 'கிரீசித்தியானி வணக்கம்' 1579 நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சானது.

அப்படியானால் புன்னைக்காயலுக்கு உரியது எது? புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூலான 'புளோஸ் சாங்க்தோரும்', 1586இல் அங்கு அச்சானதென்று ஆய்வாளர் பெரும்பாலும் கொள்கின்றனர். அதாவது, சிறு மன்றாட்டு நூல் ஒன்றின் பெருமையைத் தவறாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர், அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் உரைநடை நூலின் பெருமையைக் கேளாதிருக்கின்றது! பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைக்கு அந்நூலைப் போன்ற சான்று அரிது. அதனை எடுத்துச் சொல்வதை விட்டு, கொல்லத்துக்குரியதை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

இந்த உண்மைகளை ஒரு மாணவர் எங்கே கண்டடைவார்? இதுவே நம் வினா. சுர்ஹாமரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின், 1958இல் தனிநாயகம் அடிகளார் தமிழில் அச்சேறிய முதல் நூல்களைப் பற்றித் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழில் விரிவாக எழுதினார். இராசமாணிக்கம் அடிகளார் முதலிரு நூல்களை 1963இலும் 'புளோஸ் சாங்க்தோரும்' நூலை 1967இலும் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். 1977இல் ஜீன் ஹெயின் என்ற அம்மையார் என்றிக்கஸின் இலக்கணத்தைப்பற்றி 'இண்டியன் சர்ச் ஹிஸ்டரி ரிவ்யூ'வில் எழுதினார். 1982இல் கிரகாம் ஷா, தொலைந்ததெனக் கருதப்பட்ட 1580ஆம் ஆண்டு ஒப்புரவு நூலை ஆக்சுபோர்டு பாட்லியன் நூலகத்தில் இனங்கண்டு, அந்நூலகத்தின் இதழில் அறிவித்தார். அவரே 1993இல் கோப்பன்ஹேகனில் உள்ள 'புளோஸ் சாங்க்தோரும்' படியைப் பற்றி அங்குள்ள அரச நூலகத்தின் ஆய்விதழில் எழுதினார். அதுவரை வத்திக்கான் படியையே பலரும் அறிந்திருந்தனர்.

இவ்வரிசையைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவர், ஒப்புரவு நூல் தொலைந்துவிட்டது என்று இன்றும் எழுதுவார். அவர் தம் ஆதாரத்தை நேர்மையாகவே எடுத்தாளுகின்றார். ஆயினும் அவர் எழுதுவது 1982க்குப்பின் பிழை. அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு நடப்பதையே ஆய்வு முறையென நம் மாணவர் கற்றிருக்கின்றனர். அடிக்குறிப்போ எப்போதும் பின்னோக்கியே இட்டுச்செல்லும். 1958இல் எழுதியவர் 1982இல் எழுதப்படவிருப்பதைச் சுட்ட இயலாது. ஒரு கட்டுரைக்குப் பின் என்ன நிகழ்ந்தது என்று முன்னோக்கிச் செல்வதற்கு அடைவே வழி. ஆண்டுதோறும் வெளிவரும் தொகுதிகளை, கட்டுரை வெளியான ஆண்டிலிருந்து இன்றுவரை ஒவ்வொன்றாகப் புரட்டுவதற்கு அச்சு அடைவு நம்மைக் கட்டாயப்படுத்துகின்றது. அந்தத் தொல்லையே அதன் நன்மையும் ஆகும்.

மற்றொன்றையும் காண்க. மேலே சொன்ன கட்டுரைகளுள் எத்தனை இறையியல் இதழ்களில் வந்தன? ஹெயின் அம்மையாரின் கட்டுரை ஒன்றே திருச்சபை வரலாற்று இதழில் வந்தது. ஹார்வர்டு, ஆக்சுபோர்டு, கோப்பன்ஹேகன் ஆகிய மூன்றும் நூலகங்களின் இதழ்கள். தனிநாயகம் அடிகளாருடையது தமிழியல் இதழ். ஆகவே இறையியல் அடைவு ஒன்றை மட்டும் தேடுபவர், அவ்வடைவு எத்துணைச் சிறந்ததாயினும், இவற்றைக் காணாது போவதில் வியப்பில்லை. அச்சு வரலாற்றுக்கு நூலகவியல் அடைவையும், தமிழுக்கு ஆசிய ஆய்வுகளின் அடைவையும் நாடவேண்டும் என்பது தெரிந்திருந்தால் அன்றோ அவர் அங்குச் செல்வார்?

நம் கல்லூரிகளில் பெரிதும் கையாளப்படும் இறையியல் அடைவு அமெரிக்க இறையியல் நூலகச் சங்கத்தாரின் படைப்பு. 1949 முதலான ஆண்டுகளின் இதழ்களைக்கொண்டு தொடங்கிய இது, 1970களின் பிற்பகுதியில் 'ரிலிஜன் இண்டெக்ஸ் ஒன்' எனப் பெயர் மாறிற்று. பலர் சேர்ந்து எழுதிய தொகுப்பு நூல்களில் உள்ள கட்டுரைகளுக்கென இரண்டாம் அடைவு ஒன்றும் எழுந்தது. பின்னர்க் குறுந்தகட்டிலும், அதன்பின் இணையத்திலும் ஏறி, இன்று எப்ஸ்கோ நிறுவனத்தின் வழியாகக் கல்லூரிகளுக்குச் சந்தாவின்பேரில் கிடைக்கின்றது. இதன் தலைப்புச் சொற்கள் கவனமாக அமைந்தவை. மறைநூற் பகுதிகளை அதிகாரம், வசனம் வாரியாகத் தேட இடம் தருவதொன்றே பிரசங்கம் ஆயத்தப்படுத்தும் ஆயருக்குப் பெருங்கொடை. விவிலிய ஆய்வுக்கு இதனோடு 1956 முதல் வரும் புதிய ஏற்பாட்டுச் சுருக்கங்களையும், 1978 முதல் வரும் பழைய ஏற்பாட்டுச் சுருக்கங்களையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் குறையில்லை. அத்துறையில் நாம் குறை சொல்ல வரவில்லை.

குறை எழுவது நம் நாட்டைப்பற்றி ஆராயும்போதுதான். எந்த அடைவும் ஒரு கரையில் நின்றுகொண்டே கடலைப் பார்க்கின்றது. அமெரிக்க இறையியல் கல்லூரிகளின் தேவைக்கென எழுந்த கருவி அந்நூலகங்கள் வாங்கிய இதழ்களையே முதலிற் கருதியிருக்கும். அதில் தமிழ்மொழி இதழ்களைத் தேடுவது, முத்துக்குளிக்கப் போனவன் மலையடிவாரத்தில் மூழ்குவதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் 1964இல் தொடங்கிய 'கைடு டு இண்டியன் பீரியாடிக்கல் லிட்டரேச்சர்' இந்திய இதழ்களை நன்றாகவே அடைவுபடுத்திற்று. அதுவும் ஆங்கில இதழ்களோடு நின்றது.

இவ்வெல்லையை அச்சு அடைவு ஒளிப்பதில்லை. தொகுதியைத் திறந்தவுடன் எந்தெந்த இதழ்கள் இதில் அடங்கும் என்னும் பட்டியல் முதற்பக்கங்களில் நிற்கின்றது. பாயிரம் கேட்டபின்னரே நூல் கேட்டல் நம் மரபு. அச்சு அடைவுக்குப் பாயிரம் உண்டு. 'தமிழ் கல்ச்சர்' அதில் இல்லையெனில், அரை நிமிடத்தில் அதனை அறிந்து வேறிடம் செல்லலாம். கணிப்பொறி அடைவுக்கும் இதழ்ப் பட்டியல் உண்டுதான். ஆனால் அது வேறொரு பக்கத்தில், வேறொரு பொத்தானுக்குப் பின்னால் கிடக்கின்றது. தேடற்பெட்டி ஒன்றே மாணவரின் கண்முன் வெண்மையாக நிற்கின்றது. அதற்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதனால், அதற்குள் எல்லாம் இருக்கும் என்ற மயக்கம் உண்டாகின்றது. "விடைகள் 0" என்று அது காட்டும்போது, "நான் பார்த்த இதழ்களில் இல்லை" என்றே பொருள். மாணவரோ "உலகில் இல்லை" என்று பொருள் கொள்கின்றார்.

அச்சு அடைவுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஒரு தலைப்பைத் தேடும் கண் அதன் மேலும் கீழும் உள்ள தலைப்புகளையும் காணும். "காண்க", "மேலும் காண்க" என்னும் வழிகாட்டிச் சொற்கள் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். "போர்த்துக்கேய மிஷன்கள்" என்று தேடியவர் "அச்சு வரலாறு" என்பதற்குச் செல்ல அதுவே போதும்.

ஆயினும் அச்சு அடைவைப் போற்றும் பழமைப்பற்றில் நாம் விழுந்துவிடலாகாது. முப்பது ஆண்டுத் தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது உடல்வருத்தும் வேலை. இடையில் ஒரு தொகுதி நூலகத்தில் இல்லையெனில், அவ்வாண்டு இருளாகிவிடும். கட்டுரை வெளியாகி ஓரிரண்டு ஆண்டு கழித்தே அடைவில் ஏறும். ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று தலைப்புகளே தரப்படும் ஆதலால், அத்தலைப்புகளை எண்ணிப்பாராதவர்க்கு அது கிட்டாது. கணிப்பொறி அடைவோ இரண்டு மூன்று கருத்துகளை இணைத்துத் தேடித் தருகின்றது. எழுபது ஆண்டுகளை ஒரே மூச்சில் பார்த்துவிடுகின்றது. கட்டுரையின் தலைப்பில் இல்லாத சொல்லையும் அதன் சுருக்கத்திலிருந்து பிடித்துத் தருகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரி நூலகத்திலிருந்து தொலைவில், உள்நாட்டுச் சேகரம் ஒன்றில் ஊழியம் செய்யும் ஆயருக்கு அது ஆராய்ச்சியின் வாயிலைத் திறந்திருக்கின்றது. முன்பு அத்தகையவர் பட்டம் பெற்று வெளியேறிய அன்றே அடைவுகளையும் விட்டு வெளியேறினார். இந்நன்மையைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை.

கணிப்பொறியின் குறை அதன் கீழ்ப்படிதலில் இருக்கின்றது. கேட்ட எழுத்துக்களை அப்படியே தேடும், கேளாததைத் தானாகச் சொல்லாது. புன்னைக்காயலைப் பழைய போர்த்துக்கேய ஏடுகள் "புனிக்காலே" என்கின்றன. பிற்கால ஆங்கில எழுத்தாளர் "புன்னக்காயல்" என்றும், "பின்னக்காயல்" என்றும் எழுதினர். கடற்கரையின் பெயரோ "பெஸ்காரியா", "ஃபிஷரி கோஸ்ட்", "பேர்ல் ஃபிஷரி கோஸ்ட்" என மும்முகம் கொண்டது. என்றிக்கஸ் பெயரை ஹகரத்தோடும் ஹகரமின்றியும், ஈற்றில் எஸ் எழுத்தோடும் இசட் எழுத்தோடும் எழுதியுள்ளனர். மக்களின் பெயர் பரவர், பரதவர், பரதர் எனத் தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையுமாக அது ஆறாகப் பெருகும். ஊரின் ஒரு வடிவத்தையும் குருவின் ஒரு வடிவத்தையும் மட்டும் இணைத்துத் தேடும் மாணவர், எத்தனை சேர்க்கைகளைத் தேடாது விட்டார் என்று தாமே எண்ணிப்பார்க்கலாம். தேடத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து, பெயர்களின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்வது நலம். அத்தாளுக்குரிய வடிவங்களைத் திரட்டச் சிறந்த இடம், யோசேப் விக்கி பதிப்பித்த 'தொகுமெந்தா இந்திகா' தொகுதிகளின் இறுதியில் உள்ள பெயரடைவே. 1948 முதல் 1988 வரை 18 தொகுதிகளாக வந்த அத்தொகுப்பில் என்றிக்கஸின் கடிதங்களும் அடங்கியுள்ளன.

தமிழ் எழுத்தில் தேடும்போது இடர் வேறு வடிவில் வருகின்றது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது மாறிய எழுத்துகளுள் "னை" ஒன்று. புன்னைக்காயல் என்னும் பெயரிலேயே அவ்வெழுத்து இருக்கின்றது. அதற்கு முந்திய இதழ்கள் படப்பிரதிகளாக இணையத்தில் ஏற்றப்பட்டிருப்பினும், எழுத்தைப் படிக்கும் பொறி பழைய னையைக் கண்டு தடுமாறுவதுண்டு. அடுத்து, யூனிகோடு முறை பரவுவதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சான கட்டுரைகளில் இன்றைய தேடல் பலிப்பதில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது பொறிக்கு வேறு குறியாகத் தெரிகின்றது. ஆகவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஈழத்தமிழரின் நூலகம் தளத்திலோ தேடுபவர், சொல்லைத் தேடுவதோடு நில்லாது, இதழின் பொருளடக்கப் பக்கங்களைக் கண்ணால் படிக்கவும் வேண்டும்.

இன்னுமோர் எளிய கண்ணியைச் சுட்ட வேண்டும். கணிப்பொறி அடைவுகளில் "முழுக்கட்டுரையும் கிடைப்பவற்றை மட்டும் காட்டுக" என்றொரு கட்டம் உண்டு. நேரம் குறைந்த மாணவர் அதில் குறியிடுகின்றனர். உடனே பொறி, தன்னிடம் முழு உரையாக இல்லாத கட்டுரைகளின் குறிப்புகளை எல்லாம் மறைத்துவிடுகின்றது. உண்மையில் அக்கட்டுரை நூலகத்தின் மேல்தட்டில் தூசு படிந்து கிடக்கலாம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு விண்ணப்பத்துக்குக் காத்திருக்கலாம். கையருகே உள்ளதே ஆய்வு என்று கொள்ளும் பழக்கத்தைப் பொறி உண்டாக்கவில்லை. முன்பிருந்தே நம்மிடம் இருந்த சோம்பலுக்கு அது ஒரு கட்டம் கட்டிக்கொடுத்தது.

இவ்விடத்தில் நம் சபைப்பிரிவைச் சார்ந்த ஒரு குறையையும் மறைக்காது சொல்வோம். சீர்திருத்தத் திருச்சபைகளின் கல்லூரிகளில் தமிழ் அச்சு என்றவுடன் தரங்கம்பாடியே நினைவுக்கு வருகின்றது. சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றதைப் பெருமையோடு கற்பிக்கின்றோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்ட புன்னைக்காயலைக் கத்தோலிக்க வரலாறு என்று ஒதுக்கிவிடுவதால், அவ்வரலாற்றுக்குரிய அடைவுகளையும் ஒதுக்கிவிடுகின்றோம். ராபர்ட் ஸ்ட்ரைட் என்ற ஜெர்மானியக் குரு 1916இல் தொடங்கிப் பின்னோரால் 30 தொகுதிகளாக நிறைவுற்ற 'பிபிலியோதெக்கா மிசியோனும்' மிஷன் இலக்கியத்தின் மாபெரும் அடைவு. அதன் நான்காம் தொகுதி 1599 வரையிலான ஆசிய மிஷன்களுக்குரியது. அதனைத் திறவாமல் பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ்த் திருச்சபையைப்பற்றி எழுதத் துணிவது பொருந்தாது. நம் சார்பில் 1912 முதல் 'இன்டர்நேஷனல் ரிவ்யூ ஆஃப் மிஷன்ஸ்' இதழில் வெளிவந்த நூற்பட்டியலும் மதிப்பு மிக்கதே. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சீகன்பால்கு ஐயர்தாமே இதில் நம்மைவிடப் பரந்த உள்ளத்தினராக இருந்தார். 1708இல் தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்குப் பட்டியல் எழுதியபோது இந்துக்களின் நூல்களோடு கத்தோலிக்கர், இசுலாமியர் ஆகியோரின் நூல்களையும் அதில் தனித்தனியே வகுத்துச் சேர்த்தார். பட்டியல் எழுதுவதை இழிந்த வேலையாக அவர் எண்ணவில்லை.

இனிச் சொல்லவேண்டியது கருவிகளைப்பற்றியதன்று, கருவியே இல்லாமையைப்பற்றியது. மேலே பேசிய கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்திலோ ஐரோப்பியர் இதழ்களிலோ வந்தவை என்பதை வாசகர் கவனித்திருப்பர். முத்துக்குளித்துறை மக்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதியவை எங்கே? பங்கு வரலாறுகள், கோயில் விழா மலர்கள், வெள்ளிவிழா வெளியீடுகள், மறைமாவட்ட இதழ்கள் ஆகியவற்றில் அவை சிதறிக் கிடக்கின்றன. நம் பக்கத்திலோ திருநெல்வேலியில் 'நற்போதகம்', லுத்தரன் சபையில் 'அருணோதயம்' என 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய இதழ்கள் உண்டு. கத்தோலிக்கர்க்குச் 'சர்வவியாபி' முதலியன இருந்தன. ஆயர்களின் இறப்புச் செய்தி, கோயில் பிரதிஷ்டை, பஞ்சம், கொள்ளைநோய், சாதிப்பூசல், கடற்கரை மக்களின் வழக்குகள் என்று, ஐரோப்பிய இதழ் எதிலும் காணக்கிடையாத செய்திகள் இத்தகைய இதழ்களில்தான் பதிவாகின்றன. இவற்றின் உள்ளே செல்ல ஒரு பொது வாயில் இல்லை.

நூல்களுக்கு நாம் பட்டியல் செய்திருக்கின்றோம். 1865இல் ஜான் மர்டாக் தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்பட்டியல் செய்தார். 1966இல் தனிநாயகம் அடிகளார் தமிழியல் ஆய்வுக்கென ஒரு வழிகாட்டிப் பட்டியல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே "நூல்கள்" என்று வரையறுத்துவிட்டார். தமிழக அரசு வெளியிட்ட 'தமிழ் நூல் விவர அட்டவணை'யும் பெயருக்கேற்ப நூல்களுக்கே. 1969இல் காய் பாகோ இந்தியக் கிறிஸ்தவ இறையியலுக்குச் செய்த நூற்பட்டி நமக்கு இன்றும் கைகொடுப்பது. இதழ்க் கட்டுரைகளுக்கான தமிழ் அடைவுப் பணி மட்டும் யாருக்கும் உரியதாகாமல் நிற்கின்றது.

இதன் விளைவு பாரதூரமானது. அடைவில் இல்லாததை மாணவர் தேடமாட்டார். தேடாததை மேற்கோள் காட்டமாட்டார். அவருடைய ஆய்வேடு அடுத்த மாணவருக்கு ஆதாரமாகும்போது, ஊரார் எழுதியவை இரண்டாம் முறை மறைகின்றன. இறுதியில் புன்னைக்காயலின் வரலாறு என்பது என்றிக்கஸ் என்னும் ஒரு வெளிநாட்டவரின் வரலாறாகச் சுருங்கிவிடுகின்றது. அவருக்குத் தமிழ் கற்பித்தவர் யார்? அவர்தம் மொழிபெயர்ப்பைத் திருத்தியவர் யார்? எழுத்துக் கோத்த கைகள் எவை? சங்கை மிகுந்த அக்குருவே இவ்வினாக்களை விரும்பியிருப்பார் என்று நம்புகின்றோம். சான்றுகள் ஐரோப்பியக் கடிதங்களில் ஓரளவு உண்டு. எஞ்சியவற்றை உள்ளூர் நினைவுகளிலும் உள்ளூர் இதழ்களிலும் தேடாமல் விடைகூற முடியாது. "ஆய்வு எதுவும் நிகழவில்லை" என்ற முன்னுரை வாக்கியம், எழுதிய ஊராரை எழுதாதவராக்கிவிடுகின்றது. இதனால்தான் அதனை வெறும் நடைக்குறை என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே இரண்டு காரியங்களைத் துணிந்து முன்வைக்கின்றோம். முதலாவது, ஆய்வேட்டின் முன்னுரையில் அந்தப் பழைய வாக்கியத்துக்கு இனி இடம் தரவேண்டாம். எந்த அடைவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்தச் சொற்களைக்கொண்டு, எந்த நாளில் தேடப்பட்டது என்பதை நான்கு வரியில் மாணவர் எழுதட்டும். "புன்னைக்காயல், புனிக்காலே என்ற வடிவங்களில் இவ்விரு அடைவுகளில் தேடினோம், தமிழ் இதழ்களைப் பார்க்கவில்லை" என்று எழுதுவது அவமானமன்று. அடுத்து வருபவர் எங்கே தொடங்கவேண்டும் என்பதை அது காட்டுகின்றது. தேர்வாளர்களும் மேற்கோள் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதினும் இந்த நான்கு வரியைப் பார்ப்பது நன்று.

இரண்டாவது, தமிழ்த் திருச்சபை இதழ்களுக்கு அடைவு செய்யும் பணியைக் கல்லூரிகளே ஏற்கவேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பி.டி. வகுப்பில் திருச்சபை வரலாறு பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஓர் இதழின் ஓர் ஆண்டுத் தொகுதியை எடுத்து, கட்டுரை தோறும் ஆசிரியர், தலைப்பு, மாதம், பக்கம், இரண்டு மூன்று பொருள் தலைப்புகள் என எழுதித் தந்தால் போதும். ஒரு பருவத்துக்குரிய பயிற்சிக் கட்டுரையின் உழைப்பைவிட இது மிகாது. இதனை எழுத்தர் வேலை என்று எண்ணுவோர் உண்டு. ஒரு கட்டுரை எதைப்பற்றியது என்று மூன்று சொற்களில் தீர்மானிப்பது எத்துணைக் கடினமான விளக்கவுரைப் பயிற்சி என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

பொருள் தலைப்புகள் தமிழிலேயே அமையட்டும். கணிப்பொறியில் ஏற்றும்போது யூனிகோடு எழுத்தையே கையாள்க. ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் தனித்தலைப்பாக நிற்கட்டும். பரவர், பரதர் என்ற தலைப்புகளிலிருந்து "பரதவர் காண்க" என்று ஒரு வழிகாட்டியும், பெஸ்காரியா என்பதிலிருந்து "முத்துக்குளித்துறை காண்க" என்று ஒரு வழிகாட்டியும் வைக்கவேண்டும். அடைவுபடுத்திய இதழ்களின் பட்டியலும், கிடைக்காத இதழ்களின் பட்டியலும் முதற்பக்கத்திலேயே இருக்கவேண்டும். தொடங்குவதற்கு 'நற்போதக'த்தின் பழைய ஆண்டுத் தொகுதிகள் பத்தும், முத்துக்குளித்துறைப் பங்குகளின் விழா மலர்களுள் கைக்கு எட்டியவையும் போதும். மலர்களைக் கேட்டுப் பெறுவதற்கு மாணவர் அந்தந்தப் பங்குக்குருவையும் ஊர்ப் பெரியவர்களையும் நேரில் கண்டு, இன்ன வேலைக்கு என்று சொல்லி, பார்த்து முடித்தபின் தாமே கொண்டுபோய்த் திருப்பித் தரவேண்டும்.